எங்கள் மெம்பர் எந்தத் தோட்டத்து ஆள்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ஹட்டனுக்கு மேலே உள்ள உங்கள் வட்டாரத்தில் 2025 மே மாதம் தெரிவான பிரதேச சபை மெம்பர், தான் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், தேயிலைக் கொழுந்து எடுத்த அம்மாவின் மகன் என்று மேடைக்கு மேடை சொல்கிறார். ஆனால் 15 வருடம் கொழும்பில் கடை நடத்தியவர். தோட்டத்தில் பாதிப் பேர் அவரை நம்ம ஆள் என்கிறார்கள், மீதிப் பேர் ஓட்டுக்காக ஊருக்கு வந்தவர் என்கிறார்கள். நீங்களும் கொழும்பில் வேலை செய்கிறீர்கள், அம்மா மட்டும் தோட்டத்தில் இருக்கிறார். மெம்பர் சொல்லும் பின்னணி உண்மையா என்று எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். அதற்குள்ளே இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ராத்திரியில் லயத்து வரிசை வீட்டுத் தகரம் பறந்தால், அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக ரோடு இல்லையென்றால், இந்த மனிதர் கதவைத் திறப்பாரா? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். இரண்டாவதற்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல இருக்கிறது.

நான் நுவரெலியா மாவட்டத்தில் மூன்று பிரதேச சபைகளில் 28 வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். மெம்பர்மாருடைய பிரேரணைகளைத் தட்டச்சு செய்வது, கூட்டக் குறிப்பு எழுதுவது, வந்த மனுக்களைக் கோப்பில் போடுவது என் வேலை. அப்பா இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தார், அம்மா கொழுந்து எடுத்தார். ஆகவே மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்து பார்த்திருக்கிறேன். பதுளை, மாத்தளை, இரத்தினபுரிப் பக்கத்துச் சபைகளில் நான் வேலை செய்ததில்லை. நான் பார்த்ததை வைத்துச் சொல்வதை அங்கே அப்படியே பொருத்திவிட வேண்டாம்.

முதலில் சந்தேகமில்லாமல் அறியக்கூடியவை. உள்ளூராட்சித் தேர்தலில் நிற்கிறவர் அந்தச் சபை எல்லைக்குள் வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். எனவே அவருடைய பெயர் அந்தப் பகுதித் தேருநர் இடாப்பில் (வாக்காளர் பட்டியலில்) இருக்கும். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), அதே வீட்டில் வேறு யாருடைய பெயர்கள் இருக்கின்றன என்பதை இடாப்பைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அம்மா, அண்ணன், அண்ணி என்று பெயர்கள் வரிசையாக இருந்தால் குடும்பம் அங்கே இருக்கிறது என்று நம்பலாம். அவர் அங்கே படுத்து எழும்புகிறார் என்பதற்கு மட்டும் இடாப்பு சாட்சி சொல்லாது. கொழும்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் பெயரைத் தோட்டத்தில்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, அவர் வட்டாரத்தில் வென்றவரா, பட்டியலில் வந்தவரா என்பது. 2018 பெப்ரவரித் தேர்தலில் இருந்து கலப்பு முறை நடக்கிறது. ஆசனங்களில் 60 வீதம் வட்டாரங்களுக்கு, 40 வீதம் கட்சிகள் எடுத்த மொத்த வாக்கின் விகிதத்துக்கு. விருப்பு வாக்கு கிடையாது, கட்சிக்கு ஒரு புள்ளடி, அவ்வளவுதான். வட்டாரத்தில் வென்றவர் என்றால், இவர்தான் வேட்பாளர் என்று தெரிந்து ஆட்கள் புள்ளடி போட்டிருக்கிறார்கள். பட்டியலில் வந்தவர் என்றால் கட்சிச் செயலாளர் பெயர் கொடுத்து வந்திருக்கிறார். வட்டாரத்தில் தோற்றவரைக்கூட அப்படிப் பெயரிடலாம். பட்டியலில் வந்தவர்களிலும் நல்ல உழைப்பாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டியலில் வந்த ஒருவர் 'இந்த வட்டாரமே என்னை அனுப்பியது' என்று சொன்னால் அந்தப் பேச்சை நம்ப வேண்டியதில்லை. இதைத் தேர்தல் முடிவு வர்த்தமானியிலேயே சரி பார்க்கலாம்.

இதற்கு மேலே போனால் கடதாசி நம்மைக் கைவிடத் தொடங்கும். பிறப்புச் சான்றிதழைக் காட்டச் சொன்னால் வேலை முடிந்ததே என்று உங்கள் நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வழியில் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவில் இருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழி வந்த நம் ஆட்களிடம் கேட்டது இதே கேள்வியைத்தான்: உன் அப்பன் இங்கே பிறந்ததற்கு என்ன அத்தாட்சி? அப்பன் பிறந்தது லயத்துக் காம்பிராவில் (அறையில்), பேறு பார்த்தது பக்கத்து வீட்டுப் பாட்டி, பதிவு கிடையாது. அடுத்த வருடம் வந்த சட்டம், பிரஜாவுரிமைக்கு மனுப் போடுகிறவர்களிடம், கலியாணம் ஆனவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழு வருடம், ஆகாதவர் என்றால் பத்து வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி கேட்டது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. பிறகு 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் பெரியப்பாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் சித்தப்பாவுக்கு இலங்கைப் பதிவும் வந்தன. ஹட்டன் ஸ்டேசனில் கட்டிப்பிடித்து அழுது பிரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

ஆகவே உங்கள் மெம்பருடைய அம்மா பெயர் ஒரு பத்திரத்தில் கருப்பாயி என்றும் இன்னொன்றில் கறுப்பாய் என்றும் இருந்தால், ஊர் என்ற இடத்தில் வேறு தோட்டத்தின் பெயர் இருந்தால், அதை வைத்து அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட முடியாது. கந்தோரில் எழுதியவர்களுக்கு நம் பெயர்கள் பிடிபடவில்லை. என் அம்மாவுக்கே மூன்று பத்திரங்களில் மூன்று பெயர். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வவுனியாப் பக்கம் போன குடும்பங்கள் பல. சில திரும்பி வந்தன. வவுனியாவில் பள்ளிக்கூடம் போன ஒருவர் இந்த மலையின் பிள்ளையாக இருக்கலாம். சான்றிதழில் அது தெரியாது.

அப்படியென்றால் நம் பக்கத்தில் வேர் எங்கே இருக்கிறது? மற்ற ஊர்களில் காணி உறுதியைக் காட்டுவார்கள். நாங்கள் நான்கைந்து தலைமுறை இருந்த காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். நம் ஆட்கள் இரண்டு பேர் பஸ்ஸில் சந்தித்தால் ஊர் எது என்று கேட்க மாட்டார்கள். எந்தத் தோட்டம், மேக்கணக்கா கீக்கணக்கா (மேல் டிவிசனா கீழ் டிவிசனா), யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்பார்கள். பதில் வந்ததும் ஒரு சாவையோ ஒரு திருவிழாவையோ சொல்லி அடையாளம் பிடிப்பார்கள். உங்கள் பாட்டி செத்தபோது நான் வந்திருக்கிறேன், அந்த வருடத்து மாரியம்மன் கரகம் உங்கள் மாமாதானே எடுத்தார், காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவர் உங்கள் சித்தப்பாவா, இப்படி. வேர் அந்த நினைவில் இருக்கிறது. அது எந்தக் கந்தோரிலும் பதிவாகவில்லை. ஆனால் தோட்டத்தில் 60 வயது தாண்டிய எந்த அம்மாவும் அரை மணித்தியாலத்தில் உங்களுக்குச் சொல்லிவிடுவார்.

இன்னொரு இடம் தொழிற்சங்கச் சந்தா. கேட்கப்பட வேண்டிய கேள்வி, ஆனால் யாரும் கேட்பதில்லை: அவருடைய வீட்டார் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினார்கள்? வீட்டில் யாராவது தோட்டத் தலைவராகவோ மாதர் சங்கத் தலைவியாகவோ இருந்தார்களா? இது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1947 தேர்தலில் நம் ஆட்களின் அமைப்பான இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த இரண்டு வருடத்துக்குள் வந்த சட்டங்களால் நம் பெரும்பாலானோருடைய வாக்குப் போய்விட்டது. வாக்குப் போட்டு நம் ஆளை மறுபடியும் அனுப்ப 1977 வரை காத்திருந்தோம். நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றது அப்போதுதான். இடையில் இருந்த காலத்தில் தோட்டத்து மனிதருக்கு ஒரே பிரதிநிதி சங்கத்தின் தோட்டத் தலைவர்தான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அரைப்பேர் (அரை நாட்கூலி) போட்டதற்குத் துரையிடம் பேசுவது அவர், பொலிசுக்குப் போவது அவர், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கடிதம் வாங்குவது அவர், சாவு வீட்டில் பெட்டிக்கு ஏற்பாடு செய்வதும் அவர். பின்னாளில் சபை மெம்பர்களாக வந்தவர்களில் நான் பார்த்த பெரும்பகுதி இப்படிப்பட்ட வீடுகளில் இருந்து வந்தவர்கள். சின்ன வயதிலேயே வீட்டு வாசலில் ஆட்கள் காத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சில விஷயங்கள் சொல்லிக் கொடுக்காமலே வரும். அதே சமயம், தலைவருடைய மகன் தோட்டத்துக்கு உழைப்பான் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். சங்கத்து மேலிடத்துக்கு நல்ல பிள்ளையாக இருப்பதே போதும் என்று பழகியவர்களும் அதே வாசலில் இருந்துதான் வந்தார்கள். சந்தா யார் பக்கம் என்று தெரிந்தால் அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்று தெரியும். கடமையை எப்படிச் செய்வார் என்பது அதில் தெரியாது.

'முந்திய மெம்பர்களும் தோட்டத்தில் பிறந்தவர்கள்தான், ஒன்றும் செய்யவில்லையே' என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். அந்த மெம்பர்கள் சார்பில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அது இருந்தபடியால் சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க வழியில்லாமல் போனது. மழைக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஓடையைக் கடக்க முடியவில்லை, ஒரு சின்னப் பாலம் வேண்டும் என்று தோட்டத்து மெம்பர் எழும்பிக் கேட்பார். செயலாளர் சட்டப் புத்தகத்தைத் திறப்பார். 'தோட்டக் காணி என்பதால் நிதி ஒதுக்க இயலாது' என்று நான் குறிப்பில் எழுதுவேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக் குழாய், மயானத்துக்குப் பாதை, லயத்து முடக்கில் ஒரு விளக்கு, எல்லாவற்றுக்கும் அதே வரி. எத்தனை தரம் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. என் அம்மா குடியிருந்த லயத்து ரோட்டுக்கு வந்த பிரேரணைக்கும் அதே வரியைத்தான் என் கையால் எழுதினேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பிரிவு 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. இப்போது தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசிச் சபை தோட்டத்துக்குள் வேலை செய்யலாம். அதே வருடத் தேர்தலில்தான் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகள் ஆறாகின. நுவரெலியாவில் இருந்து அக்கரப்பத்தனையும் கொட்டகலையும், அம்பகமுவையில் இருந்து மஸ்கெலியாவும் நோர்வூட்டும் பிரிந்தன. அதுவரை ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆட்களுக்கு ஒரு சபை என்றிருந்தது. இந்த மாற்றத்துக்குப் பிறகு தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் தள்ளிப் போனதால் 2025 வரை மெம்பர்களே இல்லாமல் உத்தியோகத்தர்கள் நடத்தினார்கள். ஆக, கையில் சட்டத்தோடு தோட்டத்துக்கு வேலை செய்யக்கூடிய மெம்பர் என்பவர் நம் மலையில் மிகப் புதியவர். உங்கள் மெம்பரை 2018க்கு முந்தியவர்களோடு ஒப்பிட்டுக் குறைவாகவும் பேச வேண்டாம், கூடுதலாகவும் புகழ வேண்டாம். முந்தியவர்கள் கை கட்டப்பட்டிருந்தது. இவருக்கு அந்தச் சாட்டு இல்லை.

இனிக் கொழும்பு. 15 வருடம் வெளியே இருந்ததால் வேர் அறுந்துவிட்டது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. அந்தச் சம்பளத்தில் ஒரு வீடு ஓடாது என்பதால்தான் பிள்ளைகள் கொழும்புக்குக் கடைக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். உங்கள் தலைமுறையின் வாழ்க்கையே அது. வெளியே போனது நம் தோட்டங்களின் கதையில் ஒரு பகுதி. வெளியே போனவரைப் பார்க்கும்போது, தோட்டத்தோடு எந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று பாருங்கள். தீபாவளிக்கு வந்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள், அதற்கு எல்லோரும் வருவார்கள். சாவுக்கு வந்தாரா? வந்து, தூரத்தில் நின்றாரா, மண்வெட்டியைக் கையில் வாங்கினாரா? 2020இல் கொரோனா முடக்கத்தில் நம் பிள்ளைகள் கொழும்பில் அகப்பட்டுச் சோற்றுக்குத் தவித்தபோது அவருடைய கடைக் கதவு திறந்திருந்ததா? இதற்குச் சாட்சிகள் இன்றைக்கும் தோட்டத்தில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளே சொல்வார்கள்.

கேள்வியில் நீங்கள் எழுதாத ஒன்றையும் தொட வேண்டியிருக்கிறது. 'எங்கட ஆளா' என்று தோட்டத்தில் கேட்பவர்களில் சிலர் கேட்பது சாதி. மேடையில் அது வராது, வேட்பாளரைத் தெரிவு செய்யும்போதும் கோயில் கமிட்டி கூடும்போதும் வரும். எந்த லயத்தில் யார் இருக்கிறார்கள் என்பதில் பழைய கங்காணிக் காலத்துக் கணக்கு சில தோட்டங்களில் இன்னும் மிச்சமிருக்கிறது. உங்கள் மெம்பரைப் பற்றிப் பாதிப் பேர் ஒரு பக்கம், மீதிப் பேர் மறு பக்கம் என்றீர்கள். அந்தப் பிரிவு லயத்துக்கு லயம் மாறிப் போகிறதா என்று கவனியுங்கள். அப்படிப் போனால் அவர்கள் சொல்வது அவருடைய நேர்மையைப் பற்றியதாக இருக்காது. யாருடைய சாதி எது என்று நான் விசாரித்துச் சொல்ல மாட்டேன், நீங்களும் விசாரிக்க வேண்டாம். தோட்டத்தில் கூலிக்கும் அட்டைக்கடிக்கும் பேதம் இருந்ததில்லை.

பெண் மெம்பர்மார் விஷயத்தில் இந்த 'எந்தத் தோட்டம்' கேள்வி இன்னும் கொடுமையாக விழுகிறது. 2018 முதல் பெண்களுக்கு 25 வீதம் என்று வந்த பிறகு முன்பள்ளி ஆசிரியைகளும் மாதர் சங்கத் தலைவிகளும் சபைக்கு வந்தார்கள். அவர்களில் பலர் வேறு தோட்டத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர்கள். 20 வருடம் பிள்ளைக் காம்பிராவில் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒருவரை 'நீ வந்தவள்தானே' என்று கூட்டத்திலேயே கேட்டதை நான் பார்த்தேன். அவர் அழவில்லை, உட்காரவும் இல்லை. கொண்டுவந்த பிரேரணையைக் கடைசி வரி வரை வாசித்து முடித்தார். பிறந்த இடத்தை வைத்துத்தான் வேர் என்றால் நம் அம்மாமாரில் அரைவாசிப் பேருக்கு வேரே இல்லை என்று ஆகிவிடும்.

நான் கண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவரை நினைக்காமல் இந்தப் பதிலை என்னால் எழுத முடியாது. டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. தோட்டத்தில் ஒரு நாள்கூடப் பேர் போட்டு வேலை செய்யாதவர். தகப்பன் காலத்தில் இருந்து சுற்றியுள்ள நான்கு தோட்டத்துக்கும் கடன் கொப்பி அந்தக் கடையில் இருந்தது. எந்த வீட்டில் சம்பளத்துக்கு முந்திய வாரம் அரிசி தீரும், யாருக்கு மாதாமாதம் சீனி வருத்த மருந்து வேண்டும் என்று கொப்பியைப் பார்த்தே சொல்வார். அவர் மெம்பரான முதல் வருடம் கொண்டுவந்த பிரேரணை ரோடும் இல்லை, விளக்கும் இல்லை. லயத்து வீடுகளுக்கு இலக்கமும் முகவரியும் வேண்டும் என்று கேட்டார்.

காரணத்தையும் சபையில் சொன்னார். ஒரு தோட்டத்தில் கடிதங்கள் எல்லாம் தோட்டக் கந்தோருக்கு மொத்தமாக வந்து, அங்கே கிடந்து, யாராவது போகிற வழியில் கொடுத்தால் உண்டு. ஒரு பெண் பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சைக்கு மறுநாள் கையில் கிடைத்தது. அந்தப் பிள்ளை கடைக்கு வந்து அழுதிருக்கிறது. மெம்பர் சொன்னது இது: அந்தப் பிள்ளையின் பெயர் இவர்களுடைய கடன் கொப்பியில் ஒழுங்காக இருக்கிறது, அரசாங்கத்தின் கடிதம் போய்ச் சேர அதற்கு ஒரு வீட்டு இலக்கம் இல்லை. நான் அதைக் குறிப்பில் சொல்லுக்குச் சொல் எழுதினேன். வழக்கமாக நாங்கள் சுருக்கித்தான் எழுதுவோம். தோட்ட நிர்வாகம், தபால் கந்தோர், பிரதேச செயலகம் என்று 14 மாதம் அலைந்தார். கடைசியில் இரண்டு டிவிசன்களில் கதவுக்குக் கதவு இலக்கம் அடித்தார்கள். அதே சபையில் ஐந்து தலைமுறைத் தோட்டத்து ஆள் ஒருவர் இருந்தார். நான்கு வருடக் குறிப்பைப் புரட்டினால் அவர் பெயரில் இரண்டே பிரேரணைகள். ஒன்று அவருடைய சொந்த வீட்டுக்குப் போகும் ரோட்டுக்கு.

இந்த ஒரு கதையை வைத்து வெளியாட்கள்தான் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கடைக்காரப் பிள்ளையை வெளியாள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை என்பதைத்தான் சொல்கிறேன். கடன் கொப்பி வழியாக அவர் வேர் விட்டிருந்தார். தோட்டத்து மெம்பர்களிலும் அப்படி உழைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பெரட்டுக்குப் பிறகு மலைக்குப் போகாமல் மனுக்களோடு சபைக்கு வருவார், அன்றைய பேர் போய்விடும். மாதக் கடைசியில் வீட்டில் சண்டை வரும் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். தெரிவான நாளில் இருந்து இன்றுவரை அவர் கூட்டங்களுக்கு வந்த விபரம், அவர் முன்வைத்த பிரேரணைகள் உள்ள கூட்டக் குறிப்புகளின் பிரதி, உங்கள் வட்டாரத்துக்கு ஒதுக்கிய நிதியும் முடிந்த வேலைகளும், இந்த மூன்றையும் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். குறிப்பு கையில் கிடைத்ததும் ஒன்றைக் கவனியுங்கள். சபையில் பேசுகிறவர் எல்லோரும் வறுமை, உரிமை என்று பேசுவார்கள். இடத்தைத் தெரிந்தவர் பேச்சில் பெயர்கள் இருக்கும்: எந்த டிவிசன், எத்தனையாம் நம்பர் லயம், எந்தப் பீலிக்குப் பக்கத்துப் போக்கு உடைந்திருக்கிறது, அதனால் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. 28 வருடம் குறிப்பு எழுதியதில் நான் கற்றுக்கொண்ட அடையாளம் அது. அதையும் முழுச் சாட்சியாக எடுக்காதீர்கள், நன்றாகப் பேசிவிட்டு வேலையைத் தொடராதவர்களும் இருந்தார்கள். அதனால்தான் முடிந்த வேலைகளின் விபரத்தையும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டி நம் மலையெல்லாம் மண் சரிந்ததே, அந்த வாரத்தைப் பற்றி உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். கரண்டும் போனும் ரோடும் இல்லாத அந்த நாட்களில் லயத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்த வழியாக நடந்து வந்தார்கள், கையில் என்ன கொண்டு வந்தார்கள், மழை விட்ட பிறகு மறுபடியும் வந்தார்களா. அம்மா சொல்லும் பெயர்களை ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சபையில் இருந்து குறிப்பு வந்ததும் டிசம்பர் மாதக் கூட்டத்தின் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள்.